டம்மி: போலியா, ஒத்திகையா?

அண்மையில் யாழ்ப்பாணத்தில் சிறுவர் படக்கதைப் புத்தகங்களின் மூல ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். நீர்வண்ணப் படங்களுக்குப் பக்கத்தில் கையால் மடித்துத் தைத்த ஒரு சின்னப் புத்தகம். உள்ளே பென்சில் கோடுகள், வெட்டித் திருத்திய வரிகள். கீழே ஒட்டிய துண்டில், 'டம்மி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக, 'போலிப் புத்தகம்' என்று இருந்தது. இதே சொல்லை மொழிபெயர்ப்புகளில் ஏற்கெனவே வாசித்து நொந்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் 'டம்மி' ஊமையைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. சீட்டாட்டத்தில் ஆளில்லாத கை, உடுப்புக்கடைப் பொம்மை என்று பொருள் விரிந்து, அச்சாகப்போகும் புத்தகத்தின் கைவடிவத்துக்கும் வந்தது. படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். 8 தாளை நடுவே மடித்துச் செருகினால் டம்மி தயார். எந்தப் படம் எங்கே வரும், பக்கத்தைப் புரட்டியதும் பிள்ளை எதைக் காணும் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும்.

'போல' என்பதிலிருந்து வந்ததுதானே போலி, நலம் நலன் ஆவதைக் கடைப்போலி என்கிறோமே, அதில் என்ன இழிவு என்று சிலர் கேட்கிறார்கள். சரி, இலக்கணத்தில் இழிவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் போலி என்றால் போலி நாணயத்தாள்தான் ஞாபகம் வரும். அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. போலி எப்போதும் உண்மையானதற்குப் பிறகு வருவது. நல்ல தாள் இருந்தால்தான் கள்ளத்தாள். டம்மியோ புத்தகத்துக்கு முன்னால் வருவது. இன்னும் பிறக்காத ஒன்றுக்கு எப்படிப் போலி செய்வது? அந்தத் துண்டை வாசித்த பிள்ளை, ஓவியர் யாரையோ ஏமாற்றியதாக அல்லவா நினைக்கும்?

'மாதிரிப் பிரதி' பரவாயில்லை. ஆனால் அச்சாகி முடிந்து கடைக்குக் காட்டக் கொடுப்பதும் மாதிரிப் பிரதிதான்.

என் தெரிவு 'ஒத்திகைப் பிரதி'. ஒத்துப் பார்ப்பது ஒத்திகை. படமும் சொல்லும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத்தானே டம்மி? கூத்துக்கு அரங்கேற்றத்தின் முன் ஒத்திகை, புத்தகத்துக்கு அச்சேற்றத்தின் முன் இது. பிரதிக்குப் 'படி' என்பது நல்ல தமிழ், எனக்கும் ஆசைதான். ஆனால் 'ஒத்திகைப்படி' என்றால் ஒத்திகையில் செய்ததுபோல என்று பொருள் மாறிவிடும். தெளிவுக்காகப் பிரதியை ஏற்கிறேன்.

பக்கத்துத் துண்டில் 'ஆதாரத் தாள்'. பிழை திருத்த எடுத்த 'புரூஃப்' தாளாம்! 'மெய்ப்பு' என்ற அழகான சொல் நம் அச்சகங்களில் புழங்குகிறதே. ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் நடத்திய ஊர் இது.

காட்சியை நடத்தியவர்களிடம் கேட்டேன். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அச்சகத்தில் யாரையும் கேட்கவில்லையாம்.