மூன்றே பிடியில் நிற்கும் சோறு: ஒனிகிரியின் பசை எங்கிருந்து வருகிறது?

டோக்கியோவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். ஓட்சுகா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போங்கோ என்று ஒரு ஒனிகிரி (உள்ளே பூரணம் வைத்துப் பிடிக்கும் ஜப்பானியச் சோற்றுப் பிடி) கடை இருக்கிறது, 1960இல் தொடங்கியது, அம்பதுக்கும் மேற்பட்ட பூரண வகைகள், சாப்பாட்டு நேரமே இல்லாத நேரத்தில் போனாலும் தெருவில் வரிசை நிற்கும். ‘அங்கே சோற்றை அழுத்துவதே இல்லைங்க, கையில் வைத்து மூன்று தடவை திருப்புகிறார்கள், அவ்வளவுதான், ஆனாலும் கடைசி வாய்வரை உதிரவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பொன்னி அரிசியில் நான் செய்தால், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் முதல் கடியிலேயே பொலபொலவென்று கொட்டிவிடுகிறது. சோற்றில் ஏதாவது கலக்கிறார்களா?’ என்பது கேள்வி.

எதுவும் கலப்பதில்லை. கையில் தடவிக்கொள்ளும் உப்பு மட்டும்தான்.

அந்தக் கடை கவுன்ட்டரில் உட்கார்ந்தால் எல்லாமே கண்ணெதிரே நடக்கும். மர அச்சில் சூடான சோற்றை அள்ளிப் போட்டு, நடுவில் குழி பறித்து, சால்மன் மீனோ மீன்முட்டையோ வைத்து, மேலே இன்னொரு கரண்டி சோறு. அப்புறம் ஈரக் கையில் உப்பைத் தடவிக்கொண்டு முக்கோணமாகத் திருப்பி, நோரி என்கிற கடற்பாசித் தாளைச் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய உச்சியில் அதே பூரணத்தைக் கொஞ்சம் வைத்து நீட்டுவார்கள். கடித்தால் தாள் மொறுக்கென்று உடையும், உள்ளே சோறு பருக்கை பருக்கையாகவே பிரியும். ஒட்டிக்கொண்டும் இருக்கிறது, குழையவும் இல்லை. இது இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கிறது என்பதுதான் நம் விஷயம்.

பள்ளியில் படித்ததுதான்: அரிசி என்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அதில் இரண்டு வகை. அமைலோஸ் நீளமான, ஏறக்குறைய நேரான சங்கிலி. அமைலோபெக்டின் ஏகப்பட்ட கிளைகள் விட்ட பெரிய மூலக்கூறு. தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் 60 முதல் 75 டிகிரிக்குள் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பி இளகும். இதைத்தான் வேகுதல் என்கிறோம். வேகும்போது கொஞ்சம் மாவுச்சத்து பருக்கையை விட்டுத் தண்ணீருக்கு வந்துவிடும்.

ஜப்பானிய முறையில் தண்ணீரை அளந்து ஊற்றி, முழுவதும் வற்றும்வரை வேகவைத்து, மூடியபடியே கொஞ்ச நேரம் புழுங்க விடுகிறார்கள். வெளியே வந்த மாவுச்சத்துக்குப் போக வேறு இடம் கிடையாது. தண்ணீர் வற்ற வற்றக் கெட்டியாகி, ஒவ்வொரு பருக்கையின் மேலும் மெல்லிய படலமாகப் படிகிறது. கிளைவிட்ட அமைலோபெக்டின் மிகுந்த படலம் என்பதால் நன்றாகவே ஒட்டும். இரண்டு பருக்கைகள் லேசாகத் தொட்டாலே போதும், தொட்ட புள்ளியில் படலங்கள் ஒன்றாகிவிடும். அழுத்தத் தேவையே இல்லை. அழுத்தினால் பருக்கை உடைந்து உள்ளேயிருக்கும் மாவு பிதுங்கும், இடையிலுள்ள காற்றுவெளி போய்விடும், வாயில் களி மாதிரி இருக்கும். ஈரக் கைக்கும் காரணம் இதுதான். கையில் இருக்கும் தண்ணீர் படலத்தை இளக்கிவிடுவதால் சோறு சோற்றோடு ஒட்டும், கையோடு ஒட்டாது.

நாம் என்ன செய்கிறோம்? நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சியை வடித்துவிடுகிறோம். பசை மொத்தமும் அங்கேயே போய்விட்டது! அந்தக் கஞ்சியைத்தான் வேட்டிக்குப் போட்டு மொடமொடப்பாக்கினோம். போதாததற்குப் புழுங்கல் அரிசி வேறு. அது நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து, ஆறி, இறுகியது. மறுபடி வேகவைக்கும்போது அதிலிருந்து மாவுச்சத்து அவ்வளவு எளிதில் வெளியே வராது.

சரி, பச்சரிசியைக் குக்கரில் கஞ்சி வடிக்காமல் வைத்தால்? கொஞ்சம் ஒட்டும், ஆனால் அந்த ஒட்டல் வராது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

நம் ஊர் இண்டிகா நெல் வகைகளில் மாவுச்சத்தில் 20 முதல் 30 சதவிகிதம் வரை அமைலோஸ் இருக்கும். ஜப்பானிய ஜப்போனிகா வகைகளில் 15 முதல் 20. இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் நெல்லின் டி.என்.ஏ.வில் மாறிய ஒரே ஒரு எழுத்து. அரிசி மணியில் அமைலோஸைக் கட்டும் நொதிக்கான மரபணுவுக்கு வேக்ஸி என்று பெயர். எந்த மரபணுவும் முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும், அதிலிருக்கும் இன்ட்ரான் என்கிற வேண்டாத துண்டுகள் வெட்டி நீக்கப்படும், மிச்சத்தை ஒட்டிய பிறகுதான் புரதம் உருவாகும். எங்கே வெட்டுவது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? இன்ட்ரான் தொடங்கும் இடத்தில் குவானின், தைமின் என்ற இரண்டு டி.என்.ஏ. எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும். தையல்காரர் துணியில் சாக்பீஸால் போட்ட கோடு மாதிரி, கத்திரி அங்கே வந்து வெட்டும். ஜப்போனிகா நெல்லில் வேக்ஸி மரபணுவின் முதல் இன்ட்ரானில் அந்த குவானின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் உட்கார்ந்திருக்கிறது. கோடு மங்கிவிட்டது. கத்திரி தடுமாறுகிறது. பெரும்பாலான பிரதிகள் வெட்டப்படாமலே வீணாகின்றன, சில மட்டும் பக்கத்தில் எங்கேயோ வெட்டப்பட்டுத் தப்பித்து நொதியாகின்றன. இண்டிகாவோடு ஒப்பிட்டால் நொதி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. 1990களில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

நொதி பத்தில் ஒன்றாகிவிட்டதே என்று அமைலோஸும் பத்தில் ஒன்றாகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இருக்கிற கொஞ்சம் நொதியே ஓரளவுக்குக் கட்டி முடித்துவிடுகிறது. மோச்சி என்கிற, சோற்றை இடித்துச் செய்யும் ஜப்பானியப் பலகாரத்துக்கான பசையரிசியில் இதே மரபணுவுக்குள் 23 எழுத்துகள் கூடுதலாகப் புகுந்து அதை முழுவதுமாகக் கெடுத்துவிட்டன. அதில் அமைலோஸ் ஏறக்குறைய பூஜ்யம், இடித்தால் ஒரே பிசினாகிவிடும். மரபணு நன்றாக வேலை செய்தால் உதிரிச் சோறு, அடியோடு கெட்டால் மோச்சி, அரைகுறையாகக் கெட்டால் ஒனிகிரி. மரபணு என்ற ஒன்று இருப்பதே தெரியாத விவசாயிகள், எந்த வயல் சோறு வாய்க்கு நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே இந்த அரைகுறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த மங்கிய கோட்டில் வெட்டும் வேலை குளிரில் கொஞ்சம் ஒழுங்காக நடக்கிறது! கதிர் முற்றும்போது குளிராக இருந்தால் நொதி கூடும், அமைலோஸ் கூடும், சோற்றில் ஒட்டல் குறையும். வடகோடியில் இருக்கும் ஹொக்காய்டோ அரிசிக்கு ஒரு காலத்தில் ருசி இல்லை என்று கெட்ட பெயர் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அமைலோஸைக் குறைக்கும் வேறொரு மரபணு மாற்றத்தைச் சேர்த்து யுமெபிரிகா என்ற வகையை அங்கே உருவாக்கிய பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. வெயில் அதிகமானால் பிரச்சினை வேறு விதம், மணி சரியாக நிரம்பாமல் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புபோல ஆகிவிடும். 2023 கோடை வெப்பத்தில் நீகாதா மாகாணத்தின் புகழ்பெற்ற கோஷிஹிகாரி என்ற நெல் வகை அப்படித்தான் அடிபட்டது. 2025இல் ஜப்பான் சூப்பர் மார்க்கெட்டுகளில் 5 கிலோ அரிசி 4000 யென்னைத் தாண்டியதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் அந்த விளைச்சலும் ஒன்று. கோஷிஹிகாரிக்கான இனக்கலப்பைச் செய்தது 1944இல், போருக்கு நடுவில். வகையாகப் பதிவானது 1956இல். மூன்று வருடத்துக்குள் என்ன முடிவு காட்டுவீர்கள் என்று கேட்டு நிதி ஒதுக்கும் இன்றைய குழு எதுவும் இதற்குக் காசு கொடுத்திருக்காது என்பது என் கருத்து.

நோரி கதையைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். அந்தக் கடற்பாசி கோடையில் காணாமல் போகும், இலையுதிர் காலத்தில் திரும்பி வரும், நடுவில் எங்கே இருக்கிறது என்று ஒரு காலத்தில் வளர்ப்பவர்களுக்கே தெரியாது. திரும்பி வராத வருடம் பிழைப்பு போச்சு. பிரிட்டனில் கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற பெண் விஞ்ஞானி, சிப்பி ஓடுகளுக்குள் வளரும் இளஞ்சிவப்பு நூல் போன்ற உயிர், வேறு இனமே அல்ல, அதே பாசிக் குடும்பத்தின் கோடைக்கால வடிவம்தான் என்று 1949இல் நேச்சர் இதழில் எழுதினார். ஜப்பானில் அதை வைத்துச் சிப்பி ஓடுகளில் வித்து வளர்க்கத் தொடங்கினார்கள், நோரி விவசாயமே தலைகீழாக மாறியது. அவர் வேலை பார்த்த மான்செஸ்டர் பல்கலைக்கழகம், கல்யாணம் ஆனவர் என்று அவரை விரிவுரையாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டிருந்தது. சம்பளமில்லாத ஆய்வாளராக இருந்துதான் இதைச் செய்தார். ஜப்பானுக்குப் போனதே இல்லை. கியூஷூவில் ஊதோ நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது, ஒவ்வொரு ஏப்ரல் 14ஆம் தேதியும் நோரிக்காரர்கள் கூடி மரியாதை செய்கிறார்கள்.

தாளின் மொறுமொறுப்பு சோற்றின் ஈரம் ஏறும்வரைதான், அதனால்தான் கடையிலேயே உடனே சாப்பிடச் சொல்கிறார்கள். 1978இல் செவன் இலெவன் கடைகள் தாளுக்கும் சோற்றுக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறை வைத்து விற்கத் தொடங்கியதும் இதற்காகவே.

வெறுங்கையால் பிடித்தால்தான் கைப்பக்குவம் சேரும், கையிலிருக்கும் நுண்ணுயிர்கள்தான் ருசி தருகின்றன என்று ஜப்பானிலும் சிலர் பேசுகிறார்கள். நம்பாதீர்கள். கையில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா இருந்து, சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அது நச்சை உண்டாக்கும். பிறகு சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நச்சு போகாது. பிடித்ததும் சாப்பிடுவது என்றால் சுத்தமாகக் கழுவிய கை போதும். குழந்தைக்கு மதியத்துக்குக் கட்டிக்கொடுப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துப் பிடியுங்கள்.

கேள்வி கேட்ட வாசகிக்கு: ஊர்ப் பொன்னியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒனிகிரிக்கு அங்கேயே கிடைக்கும் குட்டை அரிசியை வாங்குங்கள். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு ஒன்றேகால் தண்ணீர் வைத்து, சூடு இருக்கும்போதே பிடித்துவிடுங்கள். மிச்சமானால் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைக்காதீர்கள். பூஜ்யத்துக்குச் சற்று மேலான அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி வரிசை கட்டி மிக வேகமாக இறுகும். கன்வீனியன்ஸ் கடைகளில் ஒனிகிரியை 20 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது இதனால்தான். மேலே ஃபிரீசரில் வையுங்கள், வேண்டும்போது மைக்ரோவேவில் சூடாக்குங்கள். இறுகிய அமைலோபெக்டின் 60 டிகிரி அளவிலேயே இளகிவிடும். அமைலோஸ் அப்படியல்ல, அதை இளக்க 100 டிகிரிக்கும் நன்றாக மேலே போகவேண்டும், அதனால் பழைய பொன்னிச் சோறு எவ்வளவு சூடாக்கினாலும் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும்.