பொலிஷ்: மெருகா, தீட்டலா?

கோண்டாவில் பக்கத்தில் ஒரு கராச்சின் பெயர்ப்பலகையில் 'இங்கே கார் பொலிஸ் செய்யப்படும்' என்று எழுதியிருக்கிறது. அதில் எனக்கு வழக்கில்லை. ஷ் வராத வாய்க்கு ஸ் வரும். காரைக் காவற்படையில் சேர்க்கிறார்கள் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. எனக்கு எரிச்சல் தருவது பொலிஷுக்குத் தமிழ் என்று போடும் 'மெருகூட்டல்'. விளம்பரத்தில் மெருகூட்டல், வானொலியில் மெருகூட்டல். கடைசியாக, என் மச்சான் வாங்கிய மெசினோடு கடைக்காரர் கொடுத்த துண்டுத்தாளில் 'வண்ணப்பூச்சுக்கு மெருகூட்டும் இயந்திரம்'.

மச்சான் அதைப் படித்தார். ஊட்ட ஊட்ட நல்லதுதானே என்று தன் காரின் பொனற் மூடி ஓரத்தில் மெசினை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் நீலத்துக்கு நடுவே விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கோடு. அடிப் பெயின்ற் வெளியே வந்துவிட்டது.

சொல்லின் கதை சின்னதுதான். இலத்தீனில் பொலீரே என்றால் தேய்த்து வழுவழுப்பாக்குவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பணிவானவரைக் குறிக்கும் 'பொலைற்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். கரடுமுரடு போகத் தேய்க்கப்பட்ட ஆள். நம் 'பொலிவு'தான் பொலிஷ் ஆயிற்று என்று கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். ஓசை ஒத்தால் உறவென்றால் பொலிசும் நமக்குச் சொந்தம்தான்.

சரி, மெருகில் என்ன குறை? மெருகு நல்ல தமிழ். நகைக்கு மெருகு போடுவதும், பாவிக்காத பொருளை மெருகு குலையாதது என்பதும் நமக்குப் பழக்கம். ஆனால் மெருகு என்பது பலன். செய்யும் வேலையை அது சொல்லாது. அதோடு 'ஊட்டல்', 'ஏற்றல்' என்று ஒட்டினால் எதையோ மேலே சேர்க்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடும். நடப்பது நேர்மாறு. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு படை உண்டு. பெயின்ற் அடிப்பவர்கள் 'கிளியர்' என்பார்கள். அதன் தடிப்பு சுமார் 40, 50 மைக்ரோன், தலைமயிரை விடக் குறைவு. துணியும் மணலும் போட்ட கீறல் அந்தப் படையில்தான் இருக்கிறது. மெசின் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியரைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து எடுக்கிறது. ஓரங்களில் படை மெல்லியது, சூடும் சீக்கிரம் ஏறும். அதனால்தான் தெரிந்தவர்கள் ஓரத்துக்கு ரேப், அதாவது ஒட்டுநாடா, ஒட்டிவிட்டுத் தொடங்குகிறார்கள். அந்தத் துண்டுத்தாளில் ரேப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்னொரு கூத்து, மெருகும் மெழுகும். ஓரெழுத்துத்தான் வித்தியாசம், வேலையோ எதிரெதிர். மெழுகு மேலே படிந்து காக்கும். பொலிஷ் கீழே போய்ச் சுரண்டும். கடையில் 'கார் மெருகு' என்று கேட்டால் மெழுகு டப்பாவைத்தான் நீட்டுவார்கள். கராச்சில் வேலை செய்யும் பெடியள் பரவாயில்லை. 'கட் அன்ட் பொலிஷ்' என்கிறார்கள், அதில் வெட்டு இருக்கிறது. மொழிபெயர்த்தவர்தான் வெட்டை வெட்டிவிட்டார். இதுதான் இப்போதைய நோய்: வேலையை ஒருமுறை பார்க்காமல், அகராதியில் முதலாவதாக நிற்கும் அழகான சொல்லைத் தூக்கிப் போடுவது.

பழைய மொறிஸ் மைனர் வைத்திருந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லவே தேவையில்லை. அதற்குக் கிளியர் கிடையாது. பச்சைக் காரைப் பொலிஷ் போட்டுத் தேய்த்தால் துணி பச்சையாகிவிடும். கார் எங்கே போகிறது என்பது துணியில் தெரியும்.

என் சொல் 'தீட்டல்'. புதிதாகக் கட்டியதல்ல. தவிடு போனது தீட்டின பச்சையரிசி, போகாதது தீட்டாத பச்சையரிசி. பிட்டு அவிக்கிற எந்த வீட்டிலும் இந்த வித்தியாசம் தெரியும். கத்தி தீட்டுகிறோம், பல்லுத் தீட்டுகிறோம். மூன்றிலும் ஏதோ ஒன்று தேய்ந்து போகிறது, பிறகுதான் பளிச்சென்று வருகிறது. மெசினைத் தீட்டுபொறி என்றும் அதோடு போட்டுத் தேய்க்கும் கொம்பவுண்டைத் தீட்டுபசை என்றும் சொல்லலாம். 'மினுக்கு'ம் எனக்குப் பிடிக்கும். குத்துவிளக்கு மினுக்கிய கைகளுக்கு அது பழகிய சொல். ஆனால் மினுக்கல் என்றதும் மினுக்கித் திரியும் ஆளை நினைத்துச் சிரிக்கிறார்கள்.

ஓவியம் தீட்டுவதும் மை தீட்டுவதும் பூசுவதுதானே என்று தமிழாசிரியர் ஒருவர் மடக்கினார். உண்மைதான், அந்தப் பொருளும் இருக்கிறது. ஆனால் கத்தி தீட்டுகிறான் என்றால் கத்தியைப் படம் வரைகிறான் என்று யாரும் நினைப்பதில்லை. 'வண்ணம் தீட்டல்' என்று எழுதாமல் 'கார் தீட்டல்' என்று எழுதினால் போதும்.

இதை அந்தக் கோண்டாவில் கராச்காரரிடமே போய்ச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"சொல்லு நல்லம் அண்ணை. ஆனா புதுக்காரைக் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோற சனம் இந்த வழியாலதான் போகுது. பலகையில தீட்டு எண்டு கண்டா உள்ளுக்கு வருவினமோ?"

பலகையில் இன்னும் பொலிஸ்தான்.