காந்தத் தடை: ‘ரிலக்டன்ஸ்’ மோட்டாருக்குத் தமிழில் என்ன பெயர்?

‘ரிலக்டன்ஸ்’ என்னும் சொல்லை 1888இல் மின்னியலுக்குள் கொண்டுவந்தவர் ஆலிவர் ஹெவிசைடு. எதிர்த்துப் போராடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த அச்சொல், அன்றாட ஆங்கிலத்தில் மனமின்மையைக் குறிப்பதால், அதைத் ‘தயக்கம்’ என்று பெயர்க்கத் தோன்றும், அது பொருந்தாது. காந்தப் பாயம் (காந்தப் புலக்கோடுகளின் மொத்த அளவு) செல்வதற்கு ஒரு பாதை காட்டும் எதிர்ப்பே இங்குப் பொருள் என்பதால், ‘காந்தத் தடை’ என்பதே தகுந்த சொல். ஆயினும் மின்தடையைப் போல இது ஆற்றலை வெப்பமாக்கி இழப்பதில்லை. அதில் ஆற்றல், பெரும்பகுதியும் காற்றிடைவெளியில், காந்தப் புலமாகச் சேர்ந்திருக்கிறது.

கடலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் ‘ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ்’ மோட்டாரைக் கழற்றினால், சுழலும் பகுதியான ரோட்டாரில் காயிலோ காந்தமோ அலுமினியக் கம்பியோ இல்லாமல், பற்கள் துருத்திய எஃகுத் தகடுகளின் அடுக்கு மட்டுமே இருப்பதைக் காண்பார். அசையாப் பகுதியான ஸ்டேட்டரில் ஒரு காயிலுக்கு மின்னோட்டம் கொடுத்தால், ரோட்டாரின் பல், காந்தத் தடை மிகக் குறைந்த இடத்தை நோக்கித் திரும்புகிறது. 8 ஸ்டேட்டர் முனைகளும் 6 ரோட்டார் பற்களும் கொண்ட நான்கு கட்ட (தனித்தனியே மின்னோட்டம் பெறும் நான்கு காயில் தொகுதிகள்) வடிவில், ஒவ்வொரு கட்டமாக மின்னோட்டத்தை மாற்றும்போது ரோட்டார் 15 பாகை நகரும். இழுப்பது மட்டுமே வேலை என்பதால் மின்னோட்டத்தின் திசை முக்கியமன்று. எப்போது கொடுத்து எப்போது நிறுத்துவது என்பதே எல்லாம்.

பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் இன்றும் உள்ள புதுச்சேரியில், இதே இயந்திரத்தின் பிரெஞ்சுப் பெயரையும் கருதலாம்: ‘மஷீன் ஆ ரெலுக்தான்ஸ் வரியாபிள்’, அதாவது ‘காந்தத் தடை மாறும் இயந்திரம்’. அழகிய பெயர்தான், ஆனால் படிப்படியாக நகரும் சில ஸ்டெப்பர் மோட்டார்களும் அவ்விளக்கத்துள் அடங்கிவிடும். ஆகவே ‘இணைப்புமாற்றுக் காந்தத்தடை மின்னோடி’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். நீளம் என்றாலும் பொருள் பிசகாது.

மின்னோட்டத்தை உரிய நேரத்தில் கொடுக்க ரோட்டாரின் கோணம் தெரிய வேண்டும். அதற்கென ஓர் உணரி (சென்சார்) வைக்காமலே இயக்கும் முறையான ‘சென்சார்லெஸ்’ என்பதை ‘உணரியற்ற’ என்று மட்டும் சொன்னால் தவறான எண்ணம் எழும். மின்னோட்டத்தை அளக்கும் உணரி அங்கே இருந்தே தீரும். நீக்கப்படுவது தண்டின் கோணத்தைக் காட்டும் உணரி மட்டுமே. எனவே ‘நிலையுணரி இல்லாக் கட்டுப்பாடு’ என்பது துல்லியமானது. குறைந்த வேகத்தில், அப்போது வேலையின்றி இருக்கும் காயிலுக்கு மிகக் குறுகிய மின்னழுத்தத் துடிப்பு ஒன்றைக் கொடுப்பர். பற்கள் நேருக்கு நேர் நின்றால் தூண்டல் எண் (மின்னோட்ட மாற்றத்தைக் காயில் எதிர்க்கும் அளவு) மிகுந்து மின்னோட்டம் மெல்ல ஏறும். விலகி நின்றால் விரைந்து ஏறும். அந்த ஏற்றத்தின் சாய்விலிருந்து கோணம் கிடைக்கிறது. வேகம் கூடியபின் துடிப்புகளுக்கு நேரம் போதாது. அப்போது, மின்னழுத்தத்திலிருந்து காயிலின் மின்தடையால் ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சியைக் கழித்து, எஞ்சியதைக் காலத்தோடு தொகையிட்டால் பாயத் தொடுப்பு (காயிலின் சுற்றுகள் அனைத்தோடும் பிணையும் காந்தப் பாயம்) வரும். எஃகு தெவிட்டும் (ஓர் அளவுக்குமேல் மின்னோட்டம் கூடினாலும் பாயம் அதற்கேற்பக் கூடாத) தன்மையது என்பதால், பாயத் தொடுப்பை மின்னோட்டத்துக்கும் கோணத்துக்கும் ஏற்ப முன்னரே அளந்தோ கணித்தோ அட்டவணையாக வைத்திருக்க வேண்டும். மோட்டாரின் நடத்தையைக் கணக்காக வடிக்கும் ‘மாதிரியாக்கம்’ என்பதன் பெரும்பகுதி இந்த அட்டவணையே. அதில் உள்ள பிழை கோணத்திலும், கோணத்தின் பிழை முறுக்குவிசையிலும் அப்படியே தெரிந்துவிடும்.