ஒலிச் சிற்பமா, ஒலிசிற்பமா?

ஆங்கிலத்தில் 'சவுண்ட் ஸ்கல்ப்சர்' என்கிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் 'ஒலிச் சிற்பம்' என்று கை தானாகவே எழுதிவிடுகிறது. நடுவில் இருக்கும் அந்த 'ச்' வேண்டுமா, வேண்டாமா? சின்னக் கேள்விதான். ஆனால் இரண்டு வேறு கலைகள் அந்த ஓர் ஒற்றெழுத்தில்தான் பிரிகின்றன.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம். கனமான உலோகத் தட்டு ஒன்று. அதன்மேல் வரிசை வரிசையாக, நிமிர்ந்து நிற்கும் மெல்லிய கம்பிகள். சிலவற்றின் உச்சியில் நாணற்கதிர் போல உருளையான ஒரு கனம். உள்ளங்கையால் ஒரு முறை தடவிவிட்டால் கம்பிகள் சாய்ந்து, ஒன்றோடொன்று மோதி, முதலில் சடசடவென்று மழை விழுவது போல ஒலிக்கின்றன. பிறகு தனித்தனி மோதல்கள் கரைந்து ஒரே முரலலாக நீள்கின்றன. கையை எடுத்த பிறகும் கம்பிகள் ஆடிக்கொண்டே இருக்கும். எப்போதாவது இரண்டு தொட்டுக்கொள்ளும். அடங்கப் போன ஒலி மறுபடி கிளம்பும். இந்த வகையை உலகறியச் செய்தவர் ஹாரி பெர்டோயா. 1915-இல் இத்தாலியில் பிறந்து, 1930-இல் அமெரிக்கா சென்றவர். நோல் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட கம்பிவலை நாற்காலியான 'டயமண்ட்' அவர் வடிவமைத்ததுதான். ஒரு கம்பியை வளைக்கும்போது அது முறிந்து இன்னொன்றில் மோத, அந்த ஒலியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பார்கள். பென்சில்வேனியாவில் ஒரு பழைய பண்ணைக் கொட்டகையை இத்தகைய சிற்பங்களால் நிரப்பி, 1978-இல் இறக்கும்வரை அவற்றை மீட்டியும் பதிவு செய்தும் வந்தார்.

இப்போது சொல்லுக்கு வருவோம். 'ஸ்கல்ப்சர்' என்பதன் வேர் 'செதுக்கு' என்ற பொருளுள்ள லத்தீன் வினை. பெர்டோயாவின் கம்பிகளில் செதுக்கியது எதுவும் இல்லை. வெட்டியும் பற்றவைத்தும் நிறுத்தியவை அவை. 'சிற்பம்' வடமொழி 'சில்ப' என்பதிலிருந்து வந்தது. கைத்திறன் என்பதே அதன் அடிப்படை. திவாகர நிகண்டு சிற்பத் தொழிலுக்கு உரியவையாகப் பத்துப் பொருள்களை எண்ணுகிறது: கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு. உலோகம் இரண்டாவது இடத்திலேயே வந்துவிடுகிறது. ஆகவே நம் சொல் இந்தக் கலைக்கு ஆங்கிலச் சொல்லைவிட நன்றாகவே பொருந்துகிறது.

'சிலை' என்றால் என்ன குறை? அது கல்லிலிருந்து வந்த பெயர். ஓர் உருவத்தின் சாயலையும் எதிர்பார்க்க வைக்கிறது. இங்கே உருவம் இல்லை. ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை. காரணம், தொல்காப்பிய உரியியல், 'துவைத்தலும் சிலைத்தலும் இயம்பலும் இரங்கலும்' ஒலியைக் குறிக்கும் சொற்கள் என்கிறது. சிலைத்தல் என்றால் ஒலித்தல்! வேர் வேறுதான், கற்சிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தும், சிலைக்கும் சிலை என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தால் மனம் நிறைகிறது.

அடுத்து, ஒலியா இசையா? 'இசைச் சிற்பம்' என்று எழுதுவோரும் உண்டு. தொல்காப்பியர் காலத்து 'இசை' எந்த ஒலியையும் குறித்திருக்கலாம். இன்று அது சங்கீதம். இந்தக் கம்பிகளுக்கு அது ஒட்டாது. எஃகு ஸ்கேல் ஒன்றை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீளும் முனையைச் சுண்டிப் பாருங்கள். நீட்டினால் தாழ்ந்து ஒலிக்கும், குறைத்தால் உயர்ந்து ஒலிக்கும். நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதிர்வெண் நான்கில் ஒன்றாகிறது. ஒரு முனை பிடிக்கப்பட்ட கம்பிக்கும் இதே விதிதான். யாழ் நரம்பைச் சுண்டினால் அடியொலியோடு சேர்ந்தே எழும் உயர்ந்த ஒலிகள், அதாவது மேலொலிகள், அதிர்வெண்ணில் அடியொலியின் 2, 3, 4 மடங்கு என்று ஒழுங்காக ஏறும். இங்கே முதல் மேலொலியே ஏறத்தாழ 6.27 மடங்கு, அடுத்தது 17.5 மடங்கு. சுரம் என்று காது பிடித்துக்கொள்ள ஒன்றும் நிலையாகக் கிடைப்பதில்லை. அதனால் 'ஒலி' என்பதே நேர்மையான சொல்.

இனி அந்த 'ச்'. 'ஒலிச் சிற்பம்' என்று ஒற்று மிகுந்தால் 'ஒலி' பெயர்ச்சொல்: ஒலியால் ஆன சிற்பம். வானொலி நமக்குப் பழக்கிய 'ஒலிச்சித்திரம்' அப்படிப்பட்டதுதான். அங்கே சித்திரம் தீட்டுவதே ஒலி. ஒற்று மிகாமல் 'ஒலிசிற்பம்' என்று எழுதினால் 'ஒலி' வினையடி: ஒலித்த, ஒலிக்கின்ற, ஒலிக்கும் சிற்பம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஒலிகடல், ஒலிபுனல் என்று பழம்பாடல்கள் சொல்லிவைத்த வழி இது. (ஒலிபெருக்கியை இங்கே துணைக்கு அழைக்க முடியாது, அது ஒலியைப் பெருக்குவது, வேற்றுமைத் தொகை.)

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் 1934-இல் வெளியிட்ட 'பச்சைப் பெட்டி' குறிப்புகளில், வெவ்வேறு இடங்களிலிருந்து கிளம்பும் ஒலிகள் சேர்ந்து நீடிக்கும் ஒரு சிற்பமாவதைக் கற்பனை செய்கிறார். அங்கே உலோகமே தேவையில்லை, ஒலிதான் மூலப்பொருள். அது ஒலிச் சிற்பம். பெர்டோயா செய்தது ஒலிசிற்பம். இங்கிலாந்தின் பர்ன்லி நகருக்கு மேலே உள்ள குன்றில் 2006-இல் எழுந்த மூன்று மீட்டர் உயர 'சிங்கிங் ரிங்கிங் ட்ரீ'யும் ஒலிசிற்பம்தான்: துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய்களை அடுக்கி, சிலவற்றின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, காற்றை ஊதவிட்டிருக்கிறார்கள். பிரெஞ்சில் டுஷாம்ப் எழுதிய அடைமொழி 'சோனோர்'; ஒலி சார்ந்த, ஒலிக்கும் என்ற இரு பொருளும் அதற்கு உண்டு. 1950-களில் பாஷே சகோதரர்கள், பெர்னாரும் பிரான்சுவாவும், உலோகத் தகடுகளும் கண்ணாடித் தண்டுகளும் கொண்ட தங்கள் ஒலிக்கருவிகளுக்கு வைத்த 'ஸ்த்ருக்தூர் சோனோர்' என்ற பெயரிலும் அதே அடைமொழி. அந்த மொழி இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. நமக்கோ ஓர் எழுத்தைப் போட்டும் எடுத்தும் பிரித்துக்காட்ட வழியிருக்கிறது. கையில் இருக்கும் வசதியை ஏன் விட வேண்டும்?

செய்பவரை எப்படி அழைப்பது என்பதில்தான் கவனம் தேவை. 'ஒலிசிற்பி' என்றால் ஒலிக்கும் சிற்பி என்று பொருளாகிவிடும், ஒலிப்பவர் அவரல்லர். 'ஒலிசிற்பக் கலைஞர்' என்பதே பிழையில்லாமல் நிற்கிறது. சற்று நீளம்தான், பரவாயில்லை.

பெர்டோயா தம் சிற்பங்களுக்கும் அவற்றின் ஒலிக்கும் சேர்த்து ஒரு சொல்லைப் படைத்தார்: 'சோனாம்பியன்ட்'. லத்தீனில் ஒலியைக் குறிக்கும் 'சோனுஸ்', சுற்றிவருதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த 'ஆம்பியன்ட்', இரண்டும் சேர்ந்தது. 1970-இல் வந்த முதல் இசைத்தட்டும் பின்னர் வந்த பத்தும் அந்தப் பெயரைத்தான் தாங்கின. இதற்குத் தமிழில் நான் முன்வைப்பது 'சூழொலி'. இதுவும் வினைத்தொகை: சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் ஒலி. கொட்டகையில் ஒரு கம்பிக்கூட்டத்தைத் தடவிவிட்டு அடுத்ததை நோக்கி நடக்கும்போது முந்தையது முதுகுக்குப் பின்னால் இன்னும் முரன்றுகொண்டிருக்கும். அது அடங்குவதற்குள் கை அடுத்ததைத் தொட்டிருக்கும்.