ஓடையில் வரும் குரல்: பாட்காஸ்ட் இயங்கும் விதம்

ஞாயிறு இரவு கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கச் சென்ற ஓர் ஆசிரியர், மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் பேருந்தில் இடம் பிடித்து அமர்ந்து இயர்போனை மாட்டுகிறார். வகுப்பில் இணையவழி வினாடி வினா நடத்துவது பற்றிய அரைமணி நேர உரையாடல் ஒன்று அதற்குள் அவருடைய கைபேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் அதைத் தேடவும் இல்லை, பதிவிறக்கவும் இல்லை. வழியில் சிக்னல் கிடைக்காத இடம் வந்தாலும் பேச்சு அறுபடுவதில்லை. இணையத்தில் ஏற்றப்பட்ட ஒலிப்பதிவுகள் எல்லாம் பாட்காஸ்ட் ஆகிவிடுவதில்லை. கேட்பவர் தேடிப் போகாமலே அவரிடம் தானாக வந்து சேரும் இந்த ஏற்பாடுதான் பாட்காஸ்ட். கல்வித் தொழில்நுட்பம் குறித்துச் சக ஆசிரியர்களுக்காக நிகழ்ச்சி நடத்த விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது எந்த மைக்கை வாங்கலாம் என்பதைத்தான். நான் அவர்களுக்கு முதலில் ஓடையைத் திறந்து காட்டுகிறேன்.

ஓடை என்பது ஆர்.எஸ்.எஸ். என்ற வடிவத்தில் எழுதப்பட்ட எளிய உரைக்கோப்பு. வலைத்தளங்களில் புதிதாக வெளியானவற்றின் தலைப்புகளைப் பட்டியலிடவே அது முதலில் பயன்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஓர் ஒலிக்கோப்பைச் சொடுக்கினால் அது இறங்கி முடியும்வரை நெடுநேரம் காத்திருக்க வேண்டும். கணினி சும்மா இருக்கும் இரவு நேரத்திலேயே கோப்பை இறக்கி வைத்துவிட்டால் காலையில் சொடுக்கிய உடனே கேட்கலாமே என்ற எண்ணத்தை ஒளிபரப்பாளர் ஆடம் கரி, மென்பொருள் வல்லுநர் டேவ் வைனரிடம் முன்வைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வைனர் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ். 0.92 வடிவத்தில் 'என்க்ளோஷர்' என்ற புதிய உறுப்பு இடம்பெற்றது. கடித உறைக்குள் கூடுதலாக ஒரு தாளை வைத்து அனுப்புவதைப் போல, செய்தியோடு ஓர் ஒலிக்கோப்பின் முகவரியையும் வைத்து அனுப்ப அது வழி செய்தது. 'பாட்காஸ்டிங்' என்ற சொல் 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் இசை மென்பொருளான ஐடியூன்ஸின் 4.9 பதிப்பில் பாட்காஸ்டுகளைச் சேர்த்த பிறகு அது பொதுமக்களிடம் பரவியது.

கல்வியாளர்கள் இதைப் பற்றிக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை. 2004இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தன் முதலாண்டு மாணவர்கள் அனைவருக்கும் ஐபாட் என்ற கையடக்க ஒலிக்கருவியை வழங்கிப் பாடப் பதிவுகளைக் கேட்கும் சோதனையைத் தொடங்கியது. 2005இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில், வில்லோடேல் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள் 'ரேடியோ வில்லோவெப்' என்ற நிகழ்ச்சியைத் தாங்களே எழுதிப் பேசி வெளியிட்டார்கள். அதே ஆண்டில் டேவ் கார்மியரும் ஜெஃப் லெபோவும் 'எட்டெக்டாக்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் நேரலையில் கூடிப் பேசுவார்கள். கேட்பவர்கள் எழுத்து அரட்டையில் கலந்துகொள்வார்கள். பதிவு பின்னர் பாட்காஸ்டாக வெளிவரும். தன் வகுப்பறையில் புதிய கருவியொன்றைத் தனியாக முயன்றுகொண்டிருந்த ஆசிரியருக்கு, வேறொரு நாட்டு வகுப்பறையில் அதே முயற்சி எங்கே சறுக்கியது என்று கேட்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது.

ஓடைக் கோப்பை எந்த உரைத்தொகுப்பான் மென்பொருளிலும் திறந்து பார்க்கலாம். மேலே நிகழ்ச்சியின் பெயரும் விளக்கமும் மொழியும் இருக்கும். அதன் கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பத்தி. அதில் தலைப்பு, வெளியான நாளும் நேரமும், என்க்ளோஷர், 'குயிட்' எனப்படும் அடையாள எண் ஆகியவை இருக்கும். என்க்ளோஷருக்குள் ஒலிக்கோப்பின் முகவரி, பைட்டுகளில் அதன் அளவு, அது எவ்வகைக் கோப்பு என்ற மூன்று விவரங்கள் உண்டு. நேரத்தின் கடைசியில் நாம் சேர்க்கும் '+0530' நம் நேர மண்டலத்தைக் குறிக்கிறது. கேட்பவரின் கைபேசியில் உள்ள செயலியோ அதற்குப் பின்னால் இருக்கும் சர்வரோ சில மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த ஓடை இருக்கும் சர்வரை அணுகி, 'என்னிடம் உள்ள நகலுக்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா' என்று கேட்கிறது. மாறவில்லை என்றால் சர்வர் '304' என்ற மூன்று இலக்க விடையை மட்டும் அனுப்புகிறது. முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டியதில்லை. மாறியிருந்தால் செயலி ஓடையைப் படித்து, தான் இதுவரை காணாத அடையாள எண் உள்ள பகுதியைக் கண்டுபிடித்து, அதன் ஒலிக்கோப்பை இறக்கி வைக்கிறது. நிகழ்ச்சி நடத்துபவரிடமிருந்து யாருக்கும் எதுவும் அனுப்பப்படுவதில்லை. கேட்பவர்களின் செயலிகள்தான் வந்து வந்து எடுத்துச் செல்கின்றன.

அந்த அடையாள எண் எவ்வளவு முக்கியமானது என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நானும் நண்பர்களும் நடத்தும் சிறிய நிகழ்ச்சியை, ஓடையையும் ஒலிக்கோப்புகளையும் வைத்திருக்கும் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது, புதிய சேவை பழைய பகுதிகள் அனைத்துக்கும் புதிய அடையாள எண்களை இட்டுவிட்டது. தலைப்பு, நாள், குரல் எல்லாம் பழையபடியே இருந்தும், செயலிகளின் கண்ணுக்கு அவை 23 புதிய பகுதிகளாகத் தெரிந்தன. அடுத்த நாள் காலை ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, "சார், ஒரே ராத்திரியில எல்லாமே மறுபடி வந்து இறங்கியிருக்கு, என் டேட்டாவே தீர்ந்துபோச்சு" என்றார். சேவையை மாற்றுபவர் பழைய எண்களை அப்படியே கொண்டுசெல்ல வேண்டும். பழைய முகவரியில் '301' என்ற நிரந்தர மாற்ற அறிவிப்பையும் வைக்க வேண்டும். அதைக் காணும் செயலிகள் இனிப் புதிய முகவரிக்கே போகும். இப்படி எந்த நிறுவனத்தையும் நம்பியிராமல், கேட்பவர்களை இழக்காமல் இடம் மாறிவிட முடிகிறது என்பதே இந்தப் பழைய தொழில்நுட்பத்தின் மீது எனக்குள்ள பெரிய மதிப்புக்குக் காரணம்.

இனிக் குரலுக்கு வருவோம். காலியான வகுப்பறையின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டினால், சிமென்ட் சுவர்களிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி தட்டல் முடிந்த பிறகும் சற்று நேரம் நீடிப்பதைக் கேட்கலாம். நேரில் பேசும்போது நம் மூளை இந்த எதிரொலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. மைக்குக்கு அந்தத் திறமை இல்லை. வாயிலிருந்து நேராக வரும் ஒலியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. சுவர்களில் பட்டு அறை முழுவதும் பரவிய ஒலியோ ஏறத்தாழ எங்கும் ஒரே அளவில் இருக்கிறது. ஆகவே மைக்கை 10 சென்டிமீட்டரிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் நேரடிக் குரலின் செறிவு 64இல் ஒரு பங்காகிவிடும், அதாவது 18 டெசிபல் குறையும். எதிரொலி அப்படியே இருக்கும். 'கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கிறது' என்று நாம் சொல்வது இந்த விகித மாற்றத்தைத்தான். விலையுயர்ந்த மைக்கை மேசையின் மறுமுனையில் வைப்பதைவிட, சாதாரண மைக்கை ஒரு சாண் தொலைவில் வைத்து, ஜன்னல் திரைச்சீலையும் துணிகளும் உள்ள அறையில் பேசுவது நல்ல பதிவைத் தரும்.

பதிவாகும் ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறார்கள். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலைவரிசையை இழப்பின்றிப் பதிய அதன் இருமடங்கைவிடக் கூடுதலான முறை அளக்க வேண்டும் என்ற விதியிலிருந்து வந்த எண் அது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதினால், ஒற்றைத் தடத்தில் பேசும் அரைமணி நேரப் பேச்சே சுமார் 159 மெகாபைட் ஆகிவிடும். அதே பேச்சு நொடிக்கு 64 கிலோபிட் வீதம் எம்பி3 என்ற சுருக்கிய ஒலி வடிவமாகும்போது 14.4 மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. பதினொன்றில் பத்துப் பங்கை எறிந்துவிட்டும் காது அதை உணராதிருப்பது எப்படி?

ஒரு வலுவான ஒலி, தனக்கு அருகிலுள்ள அலைவரிசையில் ஒலிக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும். மேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்காததைப் போன்றது இது. எம்பி3 குறியாக்கி, அதாவது சுருக்கும் மென்பொருள், ஒலியை 1,152 அளவீடுகள் கொண்ட துண்டுகளாக, அதாவது சுமார் 26 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, அவற்றை அலைவரிசைகளாகப் பிரித்து, எது எதை மறைக்கும் என்று கணக்கிடுகிறது. காதுக்குத் தெரியும் பகுதிகளை நுட்பமாகவும், மறைந்துபோகும் பகுதிகளைத் தோராயமாகவும் எழுதுகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், பாடகி சூசன் வேகா இசைக்கருவி ஏதுமின்றிப் பாடிய ஒரு பாடலை வைத்துத் தன் முறையைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். தனிக்குரலில் மறைக்க வேறு ஒலி இல்லாததால் குறியாக்கியின் பிழைகள் அங்கே அப்பட்டமாகக் கேட்டன. ஆசிரியர் தனியே பேசும் பேச்சும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதன் பின்னணியில் மின்விசிறி ஓடினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒழுங்கற்ற அந்த இரைச்சலைச் சுருக்குவது கடினம் என்பதால், குரலுக்குப் போக வேண்டிய பிட்டுகளை அது தின்றுவிடுகிறது. வியர்த்தாலும் பரவாயில்லை என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் நாங்கள் பதிவு செய்கிறோம்.

உரத்த குரலில் பேசும் நடத்துநரும் தொலைபேசி வழியாக மெல்லப் பேசும் விருந்தினரும் ஒரே அளவில் கேட்க வேண்டுமானால், காதின் உணர்திறனைக் கணக்கில் கொண்டு சராசரி உரப்பை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகில் இரண்டையும் சமப்படுத்த வேண்டும். ஆப்பிள் பரிந்துரைப்பது -16 என்ற அளவு.

கல்வித் தொழில்நுட்ப நிகழ்ச்சிக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் உண்டு: பேசுபொருள் பெரும்பாலும் திரையில் இருக்கிறது, கேட்பவரிடம் திரை இல்லை. 'இங்கே சொடுக்குங்கள்' என்ற சொற்றொடர் வானொலியில் வரைபடத்தைக் காட்டுவதற்குச் சமம். 'வலது மேல் மூலையில் பற்சக்கரம் போன்ற குறி இருக்கும்' என்று சொல்லிப் பழக வேண்டும். எம்பி3 கோப்பின் உள்ளேயே அத்தியாயக் குறிகளைப் பதித்து, ஒவ்வொன்றோடும் ஒரு படத்தை வைக்க முடியும். கேட்பவர் தனக்கு வேண்டிய இடத்துக்குத் தாவலாம். ஓடையில் எழுத்து வடிவத்தின் முகவரியைச் சேர்ப்பதற்கும் இப்போது வழி உண்டு. செவித்திறன் குறைந்த ஆசிரியர்களுக்கும் பிறகு தேடிப் பார்ப்பவர்களுக்கும் அது பயன்படுவதால், தமிழ்ப் பேச்சைத் தானியங்கிக் கருவி எழுத்தாக்கித் தந்தாலும் ஒருவர் அமர்ந்து சரிபார்த்து அதை வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கேள்விக்கு இந்த ஏற்பாட்டில் நேரடியான விடை கிடையாது. ஒலிக்கோப்பு எடுத்துச் செல்லப்பட்டது சர்வருக்குத் தெரியும். பேருந்தில் அது முழுவதும் ஒலித்ததா, பாதியில் நின்றதா என்பது தெரியாது. இணைய விளம்பரத் துறைக்கான தர அமைப்பான ஐஏபி டெக் லேப் வகுத்த நெறிகளின்படி, 24 மணி நேரத்துக்குள் ஒரே இணைய இணைப்பின் முகவரியிலிருந்து (ஐபி) ஒரே செயலி ஒரு பகுதியை எத்தனை முறை கேட்டு வாங்கினாலும் ஒரு பதிவிறக்கம்தான்; அதுவும் குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது போயிருக்க வேண்டும். ஆசிரியர் அறையின் ஒரே வைஃபையில் ஒரே வகைக் கைபேசியும் செயலியும் வைத்திருக்கும் ஐந்து ஆசிரியர்கள் எண்ணிக்கையில் ஒருவராகிவிட வாய்ப்பு உண்டு. ஓடைக் கோப்புக்குள் கேட்பவரின் பெயருக்கோ மின்னஞ்சலுக்கோ இடமே இல்லை. அதனால் நாங்கள் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய சிறு வேலை ஒன்றைச் சொல்லி, செய்து பார்த்தவர்களை எழுதச் சொல்கிறோம். வரும் கடிதங்களில் பாதி, நாங்கள் சொன்னபடி அது நடக்கவில்லை என்று தொடங்குகின்றன. அடுத்த பகுதியின் முதல் பத்து நிமிடம் அந்தக் கடிதங்களுக்கானது.