வெளிமாநில வக்கீலை அமர்த்தும் முன்

தெரிந்தவர் ஒருவர் அமெரிக்காவில் சின்னதாக ஐடி கம்பெனி நடத்துகிறார். வேறு மாநிலத்து ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்டில் கம்பெனி மேல் வழக்கு. தன் மாநிலத்தில் பழகிய வக்கீலிடமே கொடுத்தார். வெளிமாநில வக்கீல் அந்தக் கோர்ட்டில் ஆஜராக அனுமதி வாங்க வேண்டும். "அனுமதிக்கு ஒரு மனு, அவ்வளவுதான்" என்றார் வக்கீல். பதினெட்டாம் நாள் மனு திரும்பி வந்தது: வக்கீலின் லைசென்ஸ் ஒழுங்காக இருக்கிறது என்று அவருடைய மாநிலம் தரும் நற்சான்றிதழ் பழசாம். பதில் மனு போட இருப்பதோ சம்மன் கிடைத்ததிலிருந்து 21 நாள். அனுமதி கேட்டிருக்கிறோம் என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. கம்பெனி என்பதால் தானே போய் வாதாடவும் வழியில்லை. தனி ஆளுக்கு மட்டும்தான் அந்த உரிமை. அவசரத்தில் பிடித்த உள்ளூர் வக்கீல் சொன்னதுதான் ஃபீஸ்.

அந்த ஒரு வழக்குக்கு மட்டும் கிடைக்கும் இந்த அனுமதிக்குப் பெயர் 'புரோ ஹாக் வீச்சே'. லத்தீன். எப்படி உச்சரிப்பது என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. விதியிலும் கிடையாது: 94 ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள், ஆளுக்கொரு விதி. அனுமதி வக்கீலின் அரசியல் சாசன உரிமையும் அல்ல என்று 1979லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நியூயார்க் தெற்கு மாவட்டத்தில், மனு போடுவதற்கு முந்தைய 30 நாளுக்குள் வாங்கிய நற்சான்றிதழ்தான் செல்லும். தன் மேல் தண்டனை, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்றும் வக்கீல் உறுதிமொழி தர வேண்டும். சங்கடப்படாமல் நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் வேறு மாதிரிச் சிக்கல். "லைசென்ஸ் டெக்சஸில், ஆனால் குடியிருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில்தான், கூப்பிடு தூரம்" என்று மகிழ்ந்துபோகாதீர்கள். அங்கே குடியிருப்பதே தகுதிக்குறைவு! வெளிமாநிலத்தில் குடியிருப்பவருக்குத்தான் இந்தச் சலுகை.

அப்புறம் உள்ளூர் வக்கீல். டெக்சஸ் வடக்கு மாவட்டத்தில், கோர்ட்டிலிருந்து 50 மைலுக்குள் வீடோ முதன்மை அலுவலகமோ இல்லாத வக்கீல், பொதுவாக உள்ளூர் வக்கீல் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். "சும்மா கையெழுத்துக்கு" என்பார்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கும் பொறுப்பு உண்டு, ஆகவே படிப்பார், படித்த நேரத்துக்கும் பில் வரும். கோர்ட் கட்டணம் தனி: நியூயார்க் தெற்கில் 200 டாலர், லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கும் கலிஃபோர்னியா மத்திய மாவட்டத்தில் 500. அதுவும் தலைக்கு இவ்வளவு. இரண்டு வக்கீல் வந்தால் இரண்டு மடங்கு. இதெல்லாம் யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

நம்மவர்கள் ஏமாறும் இடம் குடியேற்ற நீதிமன்றம். அது நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. எந்த மாநில லைசென்ஸ் வைத்திருப்பவரும் ஆஜராகலாம். அங்கே போய் "வெளிமாநில அனுமதிச் செலவு" என்று யாராவது பில் நீட்டினால், எந்த விதிப்படி என்று கேளுங்கள். கிரீன் கார்டு தாமதத்துக்காக ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் மட்டும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

வக்கீல் "மனு போட்டாச்சு" என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள். ஃபெடரல் கோர்ட் ஆவணங்களைப் பார்க்க உதவும் பேசர் (PACER) இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, உங்கள் வழக்கின் பதிவுப் பட்டியலை நீங்களே பாருங்கள். பக்கத்துக்கு 10 சென்ட். காலாண்டுக்கு 30 டாலரைத் தாண்டாதவரை அதுவும் கட்ட வேண்டாம். மனு பதிவானது ஒரு வரி, நீதிபதி அனுமதித்தது இன்னொரு வரி. இரண்டாவது வரி வரவில்லை, கெடுவுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால், அவகாசம் கேட்டு அன்றைக்கே மனு போடச் சொல்லுங்கள். அதிலும் கையெழுத்து, அந்தக் கோர்ட்டில் ஏற்கெனவே அனுமதி உள்ள வக்கீலுடையதாக இருக்கட்டும்.