மது பாட்டில் விலைய ஏத்தினா அரசு கஜானா நிறையுமா?

கேரளாவுல தமிழ்நாட்டு பார்டர் பக்கம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைல கணக்கு எழுதுற வேலை எனக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், லோன் பேப்பர் இதுதான் பொழப்பு. ஒரு டைல்ஸ் வேலைக்காரர் வீட்டு லோனுக்காக செலவு நோட்டோட வந்தாரு, பாட்டில் செலவையும் ஒளிக்காம எழுதி வச்சிருந்தாரு, நல்ல மனுஷன். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வாரம் ரெண்டு அரை லிட்டர், ஒண்ணு 520 ரூபா. அந்த ஏப்ரல்ல கேரளா செஸ்னு ஒரு கூடுதல் வரி போட்டுச்சு, 500 முதல் 999 வரைக்கும் விலை இருக்கிற பாட்டிலுக்கு 20 ரூபா, 1000-லேர்ந்து மேல 40, வருஷத்துக்கு 400 கோடி வரும்னு கணக்கு. இவரு என்ன பண்ணாருன்னா 450 ரூபா சரக்குக்கு மாறிட்டாரு, அவ்ளோதான். செஸ் 20-ம் போச்சு, விலை கூடின சரக்குல கிடைச்ச வரியும் போச்சு, குடி மட்டும் சொட்டு குறையல.

சரக்கு ஜிஎஸ்டிக்குள்ள வராதுங்க. பெட்ரோல், டீசல், இது மாதிரி சிலதுதான் மாநிலம் இஷ்டத்துக்கு வரி ஏத்தக்கூடிய சாமான், அதனால பட்ஜெட்ல துண்டு விழுந்தா கை நேரா குப்பி மேலதான் போகும். கேரளால விலை கூடின சரக்குக்கு விற்பனை வரி 247 சதவீதமா இருந்தது 2022 கடைசில 251 ஆச்சு, அதாவது வரி போடுற மதிப்பு 100 ரூபான்னா வரி மட்டுமே 251. அதுவும் எதுக்குன்னா இங்க சரக்கு தயாரிக்கிற டிஸ்டிலரிகள் மொத்த விற்பனை மேல கட்டிட்டிருந்த 5 சதவீத டர்ன்ஓவர் டாக்ஸ எடுத்துட்டாங்க, அந்தப் பள்ளத்த ரொப்பத்தான். கம்பெனிக்கு இறக்கி குடிக்கிறவன் தலைல ஏத்தினதுன்னுதான் நான் சொல்லுவேன்.

ஏத்தினா வருமானம் வராதுன்னு சொல்லலை, வரும், குடிக்கிறவன் அவ்ளோ சீக்கிரம் விடமாட்டான்ல. ஆனா ஏத்தின அளவுக்கு வராது, பார்டர் ஊர்ல இன்னும் மோசம். ஒண்ணாந்தேதி இங்க கடை லீவு, பார்டர்ல இருக்கிற கோபாலபுரம் தாண்டினா தமிழ்நாட்டு டாஸ்மாக் திறந்திருக்கும், அந்த வரி சென்னைக்குப் போகுது. அங்கிருந்து பாட்டில் கொண்டு வந்து மாட்டினா கேஸ், அது தனிக்கதை.

ஆந்திரால 2020 மே மாசம் ரெண்டே நாள்ல 75 சதவீதம் ஏத்தினாங்க, பக்கத்து மாநில சரக்கு கடத்தல் கூடிப்போச்சு, 2021 டிசம்பர்ல வரிய குறைக்க வேண்டியதாச்சு.

நோட்ட மூடுறப்போ அவரு வீட்டுக்காரம்மா கேட்டாங்க, "ஏன் சாரே, 450-க்கு மாறினாரே, மிச்சம் எங்க?" திரும்ப நோட்டப் பார்த்தேன். வாரம் ரெண்டு மூணாயிருந்துச்சு.